டிஸ்க் படிக்கலையா? முதல்ல பஞ்சை எடுங்க



உங்க வீட்டுப் பரண்லயோ டிவி ஸ்டாண்டுக்குக் கீழயோ ஒரு பழைய பிளேஸ்டேஷன் 2 தூசி பிடிச்சுக் கிடக்குதா? ஆன் பண்ணினா நீல வெளிச்சத்தோட லோகோ வரும், டிஸ்க் "விர்ர்"னு சுத்தும், ரெண்டு தடவை "டிக் டிக்"னு சத்தம் வரும், கடைசியில சிவப்புத் திரையில "இது பிளேஸ்டேஷன் டிஸ்க்கே இல்லை"ன்னு சொல்லிடும். ஆமான்னா இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

இதுல மூணு விஷயம் பார்க்கப் போறோம். டிஸ்க்கைக் கருவி எப்படிப் படிக்குது, எங்க பழுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது, எந்த வரிசையில சரி பண்றது. மூணாவதுதான் ரொம்ப முக்கியம். அந்த வரிசையைத் தலைகீழா செஞ்சு நல்லா இருந்த ஒரு லேசரை நானே எரிச்சுட்டேன். அந்தக் கதையும் வரும்.

கதை இங்க ஆரம்பிக்குது

எங்க வீட்டுல இருக்கிறது ஸ்லிம் மாடல், அண்ணன் வாங்கினது. ஸ்கூல் லீவுல காலையில உட்கார்ந்தா சாப்பிடக் கூப்பிடுற வரைக்கும் கிரிக்கெட் 07தான். அண்ணன் சிங்கப்பூர் வேலைக்குப் போனப்புறம் அது அப்படியே நின்னுபோச்சு.

நான் மூணாம் வருஷம் படிக்கும்போது, "தீபத்துக்கு பத்து நாள் லீவு போட்டு வர்றேன்டா. அந்த டோர்னமென்ட்டை பாதியில விட்டுட்டுப் போனேன், முடிச்சிடலாம்"னு போன்ல சொன்னான். திருவண்ணாமலைக்காரங்களுக்குத் தெரியும், வெளியூர்ல இருக்கிறவங்க தீபாவளிக்கு வரலன்னாலும் தீபத்துக்கு வந்துடுவாங்க.

எடுத்து ஆன் பண்ணினேன். மெமரி கார்டுல அண்ணனோட சேவ் ஃபைல் பத்திரமா இருந்தது, ஐகான் தெரிஞ்சுது. ஆனா அதைத் திறக்க கேம் டிஸ்க் ஓடணும். டிஸ்க் ஓடல. நான் இசிஇ ஸ்டூடண்ட், இது என்ன பெரிய விஷயம்னு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். தப்பு அங்கதான் ஆரம்பிச்சுது.

ஒரு டிஸ்க்குக்குள்ள ஒரு கிரிவலம்

முதல்ல அடிப்படை. டிஸ்க்குல டேட்டா ஒரே ஒரு சுருள் கோடா, உள்ளேயிருந்து வெளியே போகுது. கோட்டுக்கும் கோட்டுக்கும் இடைவெளி சிடியில 1.6 மைக்ரோமீட்டர், டிவிடியில 0.74 மைக்ரோமீட்டர். நம்ம தலைமுடி ஒண்ணு ஏறக்குறைய 70 மைக்ரோமீட்டர் தடிமன். அப்போ ஒரு முடியின் அகலத்துக்குள்ள கிட்டத்தட்ட நூறு டிவிடி கோடுகள் அடங்கும்.

இந்தச் சுருளை நேரா இழுத்துப் போட்டா எவ்வளவு நீளம்? டேட்டா இருக்கிற பரப்பை இடைவெளியால வகுத்துப் பாருங்க. சிடிக்கு 5 கிலோமீட்டருக்கு மேல. ஒற்றை அடுக்கு டிவிடிக்கு கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர். நம்ம கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர்! அதாவது கையளவு தகட்டுக்குள்ள ஒரு கிரிவலத்துக்குக் கொஞ்சம் குறைச்சலான பாதை. ப்ளூ-ரேன்னா ஒரு அடுக்குக்கே ஏறக்குறைய 27 கிலோமீட்டர், ரெண்டு சுற்று வந்துடும்.

அந்தப் பாதையில பள்ளமும் மேடும் இருக்கு. லேசர் மேல படும்போது பிரதிபலிப்பு கூடிக் குறையுது. அந்த மாற்றம்தான் டேட்டா. சிடிக்கு 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசர், ப்ளூ-ரேக்கு 405 நானோமீட்டர் ஊதா. பிளேஸ்டேஷன் 2 சிடி, டிவிடி ரெண்டையும் படிக்கணும். அதனால ரெண்டு லேசரோட ஒளியும் ஒரே லென்ஸ் வழியா வெளிய வருது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

பதிமூணு மார்க் கேள்வி உயிரோட ஆடும் இடம்

எந்த டிஸ்க்கும் முழுசா தட்டையா இருக்காது. சுத்தும்போது மேலும் கீழும் ஆடும். டிவிடிக்கு 0.3 மில்லிமீட்டர் வரைக்கும் அந்த ஆட்டத்தை அனுமதிக்கிறாங்க. ஆனா லேசர் புள்ளி கூர்மையா இருக்கிற தூரம் ஏறக்குறைய ஒரு மைக்ரோமீட்டர்தான். அதாவது டிஸ்க் 300 மைக்ரோமீட்டர் ஆடினாலும், லென்ஸ் அதோட சேர்ந்து ஆடி, ஒரு மைக்ரோமீட்டருக்குள்ள பிடிச்சு வைக்கணும். ஒவ்வொரு சுற்றுக்கும்.

எப்படிச் செய்யுது? திரும்பி வர்ற ஒளி நாலு துண்டா பிரிச்ச ஒரு ஃபோட்டோடயோடுல விழுது. துண்டுகளை அ, ஆ, இ, ஈ-ன்னு சுற்று வரிசையில வச்சுக்கோங்க. ஃபோகஸ் சரியா இருந்தா புள்ளி வட்டமா விழும், நாலுலயும் சம வெளிச்சம். டிஸ்க் கிட்ட வந்தா ஒரு பக்கம் நீள்வட்டம், தள்ளிப் போனா எதிர்ப் பக்கம் நீள்வட்டம். (அ+இ) − (ஆ+ஈ) போட்டுப் பாருங்க: வட்டமா இருந்தா பூஜ்ஜியம், கிட்ட வந்தா பிளஸ், தள்ளிப் போனா மைனஸ். அந்தப் பிழை சிக்னல் கன்ட்ரோல் சர்க்யூட்டுக்குப் போகுது. அது லென்ஸைப் பிடிச்சிருக்கிற காயிலுக்குக் கரன்ட் குடுத்து லென்ஸை நகர்த்துது.

இது க்ளோஸ்டு லூப் கன்ட்ரோல்! நம்ம கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல பிளாக் டயக்ராம் மட்டும் வரைஞ்சு பதிமூணு மார்க் வாங்கினோமே, அதேதான். மூடியைத் திறந்து வச்சா அந்தப் பிளாக் டயக்ராமுக்குள்ள இருக்கிற லென்ஸ் நாலு மெல்லிய கம்பியில தொங்குறதைக் கண்ணாலயே பார்க்கலாம்.

பழுது எங்க? ரெண்டு டிஸ்க் போதும்

கருவியைத் திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. உங்களுக்கு ஒரு சிடியும் ஒரு டிவிடியும் வேணும். பி.எஸ்.2 கேம்கள்ல அடிப்பக்கம் நீலமா இருந்தா சிடி, வெள்ளியா இருந்தா டிவிடி. நீல டிஸ்க் இல்லையா? வீட்டுல கிடக்கிற ஒரிஜினல் பாட்டு சிடி ஒண்ணு போதும். ரெண்டையும் போட்டுப் பார்த்து பேப்பர்ல எழுதுங்க.

முதல் நிலை: சிடி ஓடுது, டிவிடி ஓடல. லென்ஸ் அழுக்கா இருக்கலாம், இல்ல சிவப்பு லேசர் சோர்ந்திருக்கலாம். டிவிடியோட பள்ளங்கள் சின்னது, ஃபோகஸ் வரம்பு குறுகல். அதனால லென்ஸ் கொஞ்சம் மங்கினாலே முதல்ல அடி வாங்குறது டிவிடிதான். ஆகவே அழுக்கைத்தான் முதல்ல சந்தேகப்படணும்.

இரண்டாம் நிலை: டிவிடி ஓடுது, சிடி ஓடல. இங்க அழுக்கு காரணமா இருக்க வாய்ப்பு குறைவு, ஏன்னா அழுக்குன்னா டிவிடிதான் முதல்ல நின்னிருக்கும். சிடி லேசர் பக்கம் பாருங்க.

மூணாம் நிலை: ரெண்டுமே ஓடல. டிஸ்க் சுத்துதா, லென்ஸ் மேலயும் கீழயும் ஆடுதான்னு சத்தத்தைக் கேளுங்க. சுத்தவே இல்லன்னா மூடி சுவிட்ச், மோட்டார், ரிப்பன் கேபிள். சுத்தி நின்னுடுதுன்னா பெரிய அழுக்கு, இல்ல லென்ஸே போயிருக்கும்.

இது நூத்துக்கு நூறு சரியா வரும்னு சொல்ல முடியாது. ஆனா ஸ்க்ரூ ஒண்ணுகூட கழட்டாம கிடைக்கிற தகவல்.

வேலை வரிசை

விதி ஒண்ணுதான்: திரும்பச் சரிபண்ண முடியுற வேலை முதல்ல, திரும்ப முடியாத வேலை கடைசியில.

1. டிஸ்க்கைத் துடைங்க. மெல்லிய மைக்ரோஃபைபர் துணியால நடுவிலிருந்து விளிம்புக்கு, நேர்கோட்டுல. வட்டமா துடைக்கக் கூடாது. காரணம் இருக்கு. டிஸ்க்குல ரீட்-சாலமன் பிழைதிருத்தம் இருக்கு. 1960-ல ரெண்டு பேர் எழுதின ஒரு கணிதக் கட்டுரையிலிருந்து வந்தது. குறுக்கே விழுற கீறல் ஒவ்வொரு சுற்றுலயும் கொஞ்சம் டேட்டாவைத்தான் கெடுக்கும், அதைத் திருத்திடும். சுருளோட சேர்ந்து ஓடுற கீறல் தொடர்ச்சியா கெடுத்துட்டே போகும், திருத்தமும் தோத்துடும். சிடியில லேபிள் பக்கத்தையும் பத்திரமா பாருங்க. டேட்டா அடுக்கு லேபிளுக்கு நேர் கீழதான் இருக்கு, அங்க கீறினா அவ்வளவுதான். டூத்பேஸ்ட் வேண்டாம்.

2. லென்ஸைத் துடைங்க. கரன்ட்டை எடுத்துட்டுத்தான். ஸ்லிம் மாடல்ல மேல் மூடியைத் திறந்தாலே லென்ஸ் தெரியும், ஸ்க்ரூ கழட்ட வேண்டியதில்ல. இயர் பட்ஸ்ல 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால் ஒரு சொட்டு. எலக்ட்ரானிக்ஸ் கடையில கிடைக்கும். அழுத்தாம, நடுவிலிருந்து வெளியே ஒரு சுற்று. அப்புறம் காய்ஞ்ச பட்ஸால ஒரு சுற்று. அஞ்சு நிமிஷம் காயவிடுங்க. நெயில் பாலிஷ் ரிமூவர், சென்ட், தண்ணி எதுவும் வேண்டாம். லென்ஸ் பிளாஸ்டிக், அசிட்டோன் பட்டா வெளுத்துடும்.

டிஸ்க் மேல தூசி விழுந்தா அந்த ஒரு இடத்துல மட்டும் பிரச்சினை. அதுவும் டிவிடியில டேட்டா மேற்பரப்புல இல்ல, 0.6 மில்லிமீட்டர் உள்ளே இருக்கு. அதனால மேல இருக்கிற சின்னத் தூசி லேசருக்கு மங்கலாத்தான் தெரியும். ஆனா லென்ஸ் மேல படலம் படிஞ்சா, படிக்கிற ஒவ்வொரு பள்ளமும் மங்கிடும். கண்ணாடி போடுறவங்களுக்கு இது புரியும்.

3. ரெயிலைப் பாருங்க. லென்ஸ் வெளிப்பக்கம் நகர ஒரு உலோகத் தண்டும் பல்சக்கரமும் இருக்கு. பழைய கிரீஸ் கெட்டியாகி மெழுகு மாதிரி ஆயிடும். கேம் ஆரம்பிச்சு நடுவுல மட்டும் நின்னா இது காரணமா இருக்கலாம். பழசைத் துடைச்சுட்டு பிளாஸ்டிக்குக்கு ஒத்துவர்ற வெள்ளை கிரீஸ் கடுகளவு. தேங்காய் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய் கூடாது.

4. ரிப்பன் கேபிள். லாக்கைத் தூக்கி, கேபிளை எடுத்து, மடிப்பு, வெட்டு இருக்கான்னு பார்த்து, நேரா திரும்பச் செருகுங்க.

5. ப்ரீசெட். இதுக்கு மட்டும் தனியா ஒரு பகுதி வேணும்.

பாதுகாப்புக்கு ரெண்டு வார்த்தை. ஓடும்போது லென்ஸுக்கு நேர் மேல கண்ணை வைக்காதீங்க. அகச்சிவப்பு லேசர் கண்ணுக்குத் தெரியாது, அதனால இமை தானா மூடாது. அடுத்து, ஸ்லிம்ல 70000 வரிசைக்கு வெளி அடாப்டர்தான், 8.5 வோல்ட். ஆனா 90000 வரிசையில பவர் சப்ளை உள்ளேயே இருக்கு, வீட்டு மின்சாரம் நேரா பெட்டிக்குள்ள வருது. பிளக்கைக் கழட்டாம திறக்கவே கூடாது.

நான் செஞ்ச தப்பு

லென்ஸ் யூனிட்டோட பக்கவாட்டுல ஸ்க்ரூ தலை மாதிரி சின்னதா ப்ரீசெட் இருக்கும். லேசருக்குப் போற கரன்ட்டை நிர்ணயிக்கிறது அதுதான். ஃபேக்டரியில ஒவ்வொரு லேசரையும் அளந்து பார்த்து செட் பண்ணுவாங்க. ஒரு வீடியோவுல அதை லேசா திருப்பினதும் டிஸ்க் ஓடினதைப் பார்த்தேன். லென்ஸைத் துடைக்கல. சிடி போட்டுப் பார்க்கல. பழைய மதிப்பை மல்டிமீட்டர்ல அளந்து எழுதி வைக்கல. நேரா திருப்பினேன்.

ஓடுச்சு! வீட்டுல எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அன்னைக்கு ராத்திரி மறுபடி போட்டேன், ஓடல. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். அதுக்கப்புறம் எந்த டிவிடியும் ஓடவே இல்ல. அண்ணன் வர ஆறு நாள் இருந்தது.

போளூர் ரோட்டுப் பக்கம் சின்னதா ஒரு டிவி ரிப்பேர் கடை. தூக்கிட்டுப் போனேன். கடைக்கார அண்ணன் பெட்டியைத் தொடவே இல்ல. முதல் கேள்வி, "தம்பி, பாட்டு சிடி ஓடுதா, படம் டிவிடி ஓடுதா?"

"டிவிடி ஓடலண்ணா. சிடி போட்டுப் பார்க்கல."

"லென்ஸ் துடைச்சியா?"

"இல்லண்ணா."

"திருப்பினியா?"

நான் பதில் சொல்லல. அவரு சிரிச்சுட்டு பாட்டு சிடி ஒண்ணு போட்டாரு. சிடி பாடுச்சு. அப்புறம் பட்ஸை எடுத்து லென்ஸை ஒரு சுற்று துடைச்சுக் காட்டினாரு. வெள்ளைப் பஞ்சு பழுப்பாயிடுச்சு.

"வீட்டுல டிவி எங்க இருக்கு?"

"சாமி ரூம் கதவுக்கு எதிர்லண்ணா."

"சாம்பிராணிப் புகை தம்பி. லேசர் நல்லாத்தான் இருந்திருக்கும். நீதான் கொன்னுட்ட."

மறுபடி டிவிடி போட்டுப் பார்த்தாரு. லென்ஸ் பளபளன்னு இருந்தும் ஓடல. திட்டமா கணக்குப் போட்டா இவ்வளவுதான்: புகைப் படலம் ஒளியைத் தடுத்தது. நான் படலத்தை எடுக்காம ஒளியைக் கூட்டினேன். லேசர் டயோடு தாங்கக்கூடிய கரன்ட்டுக்கு வரம்பு இருக்கு. தாண்டினா டயோடோட முகமே கருகிடும், அதுக்கப்புறம் திரும்ப வராது. நான் பார்த்த அந்த ஒரு மணி நேர வெற்றி, லேசர் எரிஞ்சுக்கிட்டே குடுத்த வெளிச்சம்.

லேசர் டயோடு கரன்ட் வரம்பு பத்தி ரெண்டு மார்க் கேள்விக்கு நான் சரியா பதில் எழுதியிருக்கேன். ஆனா கையில ஸ்க்ரூ டிரைவர் இருக்கும்போது அது ஞாபகம் வரல. அந்த அண்ணனுக்கு ஃபார்முலா தெரியாம இருக்கலாம். ஆனா எந்தக் கேள்வியை முதல்ல கேட்கணும்னு தெரிஞ்சிருந்தது.

ஆக ப்ரீசெட்டுக்கு விதி: மத்த நாலையும் செஞ்சு தோத்த பிறகு மட்டும். கரன்ட் இல்லாம அளந்து, மதிப்பை எழுதி, போட்டோ எடுத்துட்டு, மிகச் சிறிய அளவு. அதுவும் லேசரோட மீதி ஆயுளை அடகு வச்சு ஓட்டுறதுதான்.

புது லென்ஸ் போடும்போது

சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் புது லென்ஸ் வாங்கினேன். நாலு பேர் பிரியாணி சாப்பிடுற காசு ஆச்சு. வாங்கும்போது பெட்டியின் அடியில இருக்கிற மாடல் நம்பரைக் காட்டிக் கேளுங்க. பெரிய பழைய மாடலுக்கும் ஸ்லிமுக்கும் லென்ஸ் வேற வேற.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். ஓடல! அழுகையே வந்துடுச்சு. அப்புறம்தான் பார்த்தேன், புது லென்ஸோட சின்ன போர்டுல ரெண்டு புள்ளியை இணைச்சு ஒரு சொட்டு ஈயம். நம்ம உடம்புல இருக்கிற நிலைமின்சாரம் பட்டாலே லேசர் டயோடு செத்துடும். அதனால வர்ற வழியில பத்திரமா இருக்க அதை ஷார்ட் பண்ணி அனுப்புறாங்க. ரிப்பன் கேபிளை மாட்டின பிறகு அந்த ஈயத்தை சோல்டரிங் அயர்னால எடுக்கணும். எடுத்தேன். ஓடுச்சு.

புதுக் கருவிகள்ல என்ன கதை?

பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 4 வச்சிருக்கிறவங்க கவனிங்க. இவைகள்ல டிஸ்க் டிரைவோட போர்டும் மதர்போர்டும் ஜோடி சேர்த்து வச்சது. வேற கருவியிலிருந்து முழு டிரைவை எடுத்துப் போட்டா கேம் ஓடாது. பழைய போர்டை வச்சுக்கிட்டு லென்ஸை மட்டும்தான் மாத்தணும். கழட்டின போர்டைத் தூக்கிப் போட்டுட்டா முடிஞ்சுது. 2023-ல வந்த பிளேஸ்டேஷன் 5 ஸ்லிம்ல டிரைவை நாமே கழட்டி மாட்டலாம். ஆனா முதல் தடவை ஜோடி சேர்க்க இன்டர்நெட் வேணும்.

நாம காசு குடுத்து வாங்கின பொருளை நாமே சரிபண்ண முடியணும்ங்கிற பேச்சு நம்ம நாட்டுலயும் ஆரம்பிச்சாச்சு. 2022 ஜூலையில நுகர்வோர் விவகாரத் துறை இதுக்கு ஒரு குழு அமைச்சது. அதே வருஷம் டிசம்பர் 24 அன்னைக்கு "ரிப்பேர் செய்யும் உரிமை" இணையதளம் வந்தது. எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற நாம இதைக் கவனிக்கலன்னா வேற யார் கவனிப்பாங்க?

பிளேஸ்டேஷன் 2 ஜப்பான்ல வெளிவந்தது 2000 மார்ச் 4. உற்பத்தி 2013 ஆரம்பத்தோட முடிஞ்சுபோச்சு. 15 கோடிக்கு மேல வித்த கருவி. 2009-ல ஐதராபாத்துல உருவான "அனுமான்: பாய் வாரியர்" கூட இதுக்காக வந்த கேம்தான். இனிமே புதுசா ஒண்ணும் செய்யப் போறதில்ல. இருக்கிற ஒவ்வொரு நல்ல லேசரும் மிச்சம் இருக்கிற எண்ணிக்கையில ஒண்ணு. என்னால அதுல ஒண்ணு குறைஞ்சுது.

கடைசியா

அண்ணன் வந்தான். தீபத்துக்கு மறுநாள் மதியம் ரெண்டு பேரும் தரையில உட்கார்ந்து அந்த சேவ் ஃபைலைத் திறந்தோம். விட்ட இடத்துலயே நின்னுட்டிருந்தது. மூணே ஓவர்ல ஆல் அவுட் ஆனான். "கன்ட்ரோலர் பட்டன் சரியில்லடா"ன்னான். அதைத் திறந்து பார்க்கலாமான்னு கேட்டேன். "நீ எதையும் தொடாத சாமி"ன்னுட்டான்.

லேசரை எரிச்ச கதையை அவன்கிட்ட அப்பவே சொல்லிட்டேன். இப்ப உங்ககிட்டயும் சொல்லியாச்சு.

உங்களுக்கு வீட்டுப்பாடம்: சனி, ஞாயிறு வீட்டுக்குப் போறப்போ பழைய டிவிடி பிளேயரோ கன்சோலோ ஏதாவது ஒண்ணைப் பரண்லேர்ந்து இறக்குங்க. ஒரு சிடி, ஒரு டிவிடி போட்டுப் பார்த்து முடிவை எழுதுங்க. அப்புறம் பஞ்சு. சாமி ரூமுக்கு எதிர்ல இருந்தா இடத்தையும் மாத்துங்க. ஸ்க்ரூ டிரைவர் அன்னைக்குப் பைக்குள்ளயே இருக்கட்டும்.